படி, தொகுப்பூதியம், ஊக்கத்தொகை

வெள்ளிக்கிழமை என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாரப்பள்ளியில் வாரச்சந்தை. விடிவதற்கு முன்பே ஆடு மாடு ஏற்றிய வண்டிகள் வந்து நின்றுவிடும். ஆந்திர வியாபாரி, கர்நாடக வியாபாரி, உள்ளூர் விவசாயி எல்லோரும் கூடுவதால் தெலுங்கு, கன்னடம், உருது, தமிழ் என நான்கு மொழியும் ஒரே பேரத்துக்குள் புழங்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு வெள்ளிக்கிழமை, இந்தச் சுற்றுவட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். தலை சுற்றுகிறது என்று தெலுங்கில் சொன்னார். மருத்துவர் தென்மாவட்டத்துக்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பி.பி. எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று தமிழில் திரும்பத் திரும்பக் கேட்டார். பெரியவர் திரும்பத் திரும்பத் தலையாட்டினார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாதான் வாளியை வைத்துவிட்டு வந்தார். அவர் பெரியவரின் பக்கத்துத் தெரு. "சந்தை நாள்ல மட்டும் மாத்திரை போடமாட்டாரு சார். போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. மாட்டை விட்டுட்டு எங்க போறது?" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிப் போடலாம் என்று பொறுமையாக யோசித்து, அந்த அம்மா வழியாகவே சொல்லி அனுப்பினார். மேசையின் ஓரத்தில் பி.ஜி. (முதுநிலை) நுழைவுத் தேர்வுப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. நல்ல மருத்துவர். அடுத்த ஆண்டு நான் போனபோது அவர் இல்லை, பி.ஜி. சீட் கிடைத்துப் போய்விட்டார் என்றார்கள்.

மருத்துவப் பணியாளர்கள் வரத் தயங்கும் ஊர்களுக்கு அவர்களைப் பணச்சலுகை காட்டி வரவழைக்க முடியுமா, வந்தவர்களைத் தங்க வைக்க முடியுமா என்பது உலகெங்கும் நூறாண்டாகக் கேட்கப்படும் கேள்வி. இந்த ஒரு காட்சிக்குள் அதன் பாதி இருக்கிறது. அந்த மருத்துவரை இங்கே கொண்டுவந்தது ஒரு சலுகை. இங்கிருந்து கொண்டுபோனதும் அதே சலுகைதான். பெரியவரின் பி.பி. ஏன் இறங்கவில்லை என்று தெரிந்திருந்தவருக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

சென்னை மாகாணம் இதை 1920களிலேயே முயன்று பார்த்தது. நீதிக்கட்சி ஆட்சியில் தொடங்கிய கிராம மருத்துவ உதவித் திட்டத்தில், கிராமத்தில் குடியேறச் சம்மதிக்கும் மருத்துவருக்கு ஆண்டு மானியம் கொடுத்தார்கள். அவர் தனியாகத் தொழில் நடத்திக்கொள்ளலாம். ஏழைகளுக்கு மட்டும் காசு வாங்காமல் பார்க்க வேண்டும். மானியத்தோடு கிராமத்துத் தொழிலும் சேர்ந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும் என்பது கணக்கு. காசு கொடுக்கச் சக்தியில்லாத ஊரில்தான் மருத்துவருக்கான தேவை அதிகம். அங்கே தொழில் நடக்காது. இந்த முடிச்சை மானியத்தால் முழுசாக அவிழ்க்க முடியவில்லை. பின்னால் அரசே சம்பளம் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களை நிறுவும் வழிக்கு நாடு வந்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்று அளவும் வைத்தது. கட்டடம் வந்தது, பணியிடமும் வந்தது. ஆள் வருவதும் வந்தவர் நிற்பதும்தான் இன்றுவரை தீராத கதை.

தமிழ்நாடு கண்டுபிடித்த வழி, பணத்தைவிடப் பெரிய ஒன்றைப் பணயமாக வைப்பது. எம்.பி.பி.எஸ். முடித்த எந்த இளைஞருக்கும் கண் முன்னால் நிற்பது பி.ஜி. சீட். தனியாரில் அது பல லட்சங்கள், சில துறைகளில் கோடி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதியை, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கே இந்த மாநிலம் நெடுங்காலம் ஒதுக்கிவந்தது. 'சர்வீஸ் கோட்டா' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இதற்காகவே அரசுப் பணிக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். படித்து முடித்தவர்கள் ஓய்வு பெறும்வரை அரசிலேயே இருக்கக் கையெழுத்துப் போட்டார்கள். மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் இன்று மகப்பேறு நிபுணரும் மயக்கவியல் நிபுணரும் இருப்பது பெருமளவு இதனால்தான். 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் பேறுகால இறப்பு லட்சத்துக்கு 54 என்று பதிவானதன் பின்னால் இந்த ஒதுக்கீட்டின் உழைப்பும் உண்டு.

2016 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், முதுநிலைப் பட்டப் படிப்பில் இப்படித் தனி ஒதுக்கீடு கூடாது, இந்திய மருத்துவக் கவுன்சில் விதி சொல்லும் ஊக்க மதிப்பெண் மட்டுமே கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. எளிதில் போக முடியாத, கடினமான பகுதிகளில் பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நுழைவுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணில் 10 விழுக்காடு கூடுதல், அதிகபட்சம் 30 விழுக்காடு. எது கடினமான பகுதி, எது எளிதில் போக முடியாத பகுதி என்று பட்டியல் போடும் சண்டை அப்போது தொடங்கியது. மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2019 அக்டோபர் இறுதியில் நடந்த அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் காலமுறைப் பதவி உயர்வு, ஊதியம் ஆகியவற்றோடு இந்த 50 விழுக்காடும் முக்கியக் கோரிக்கை. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று, இத்தகைய ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பைத் திருப்பியது.

அந்தத் தீர்ப்பில் பலர் பேசாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. இப்படிப் படித்து வருகிறவர்கள் பட்டம் பெற்றபின் குறைந்தது ஐந்தாண்டு கிராமம், பழங்குடிப் பகுதி, மலைப் பகுதிகளில் பணியாற்றும்படி கொள்கை வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நோய் எங்கே இருக்கிறது என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது. சர்வீஸ் கோட்டா மாநிலத்துக்கு நிபுணர்களைக் கொடுத்தது; ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (பி.எச்.சி.) அது ஒரு காத்திருப்பு அறையைத்தான் கொடுத்தது. படித்து முடித்த மகப்பேறு நிபுணர் திரும்பி வரும் இடம் பெரிய ஆஸ்பத்திரி, வர வேண்டியதும் அங்கேதான். ஆனால் அவர் விட்டுப்போன நாற்காலியில் அடுத்த புத்தகத்தோடு அடுத்தவர் வந்து உட்கார்கிறார். சந்தை நாளில் மாத்திரை போடாத பெரியவர் அவருக்கும் புதிதாகத்தான் தெரிய வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. படிப்புச் செலவை அரசு ஏற்கும், பதிலுக்குத் தேவையுள்ள ஊரில் சில ஆண்டு பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தங்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, டில் பார்னிக்ஹவுசன், டேவிட் புளூம் இருவரும் 2009இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட 43 ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே தேசிய சுகாதாரப் பணிப்படை 1970லிருந்து இருக்கிறது. ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேர் சொன்ன காலத்தைப் பணியாற்றி முடித்தார்கள். அதற்குப் பிறகும் ஏதோவொரு பின்தங்கிய ஊரில் வேலை செய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகமாக இருந்தது. முதலில் போட்ட அதே ஊரில் நிலைத்தவர்கள் மட்டும் குறைவு. ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் முதலிலேயே அந்த மனம் உள்ளவர்களா, ஒப்பந்தம்தான் மனத்தை மாற்றியதா என்று இந்த வகை ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், பணச்சலுகையைத் தனி மருந்தாகச் சொல்லவில்லை. கிராமத்துப் பிள்ளைகளை மருத்துவப் படிப்பில் சேர்ப்பது, குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளி, மேலதிகாரியின் ஆதரவு, பதவி உயர்வு என்று ஒரு கட்டாகவே சொன்னது.

இந்தியாவில் சத்தீஸ்கர் 2010 வாக்கில் ஊர்களை எளிதானது, கடினமானது, மிகக் கடினமானது, போகவே முடியாதது என்று தரம் பிரித்து, தரத்துக்கேற்பப் படி கொடுத்தது. வேறு சில மாநிலங்கள், நிபுணரே தன் சம்பளத்தைக் குறிப்பிடட்டும், கொடுக்கிறோம் என்ற அளவுக்குப் போயின. ஒரு மயக்கவியல் நிபுணர் இல்லாமல் பிரசவ அறை பூட்டிக் கிடக்கும் ஊரில் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆந்திரத்திலும் உத்தராகண்டிலும் மருத்துவ மாணவர்களிடமும் செவிலியர் மாணவிகளிடமும், எப்படிப்பட்ட வேலை என்றால் கிராமத்துக்குப் போவீர்கள் என்று பல தெரிவுகளை வைத்துக் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவ மாணவர்களை வெறும் சம்பளத்தால் அசைக்க மிகப் பெரிய தொகை வேண்டியிருந்தது, பி.ஜி. இடம் சேர்ந்தபோது மனம் மாறினார்கள். செவிலியர் மாணவிகளுக்கோ அதைவிடச் சிறிய மாற்றங்களே போதுமாக இருந்தன. நம் அரசுகள் இந்த இரண்டாவது முடிவைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

எங்கள் எல்லைப் பகுதிக்கு வருகிறேன். கடினமான பகுதி என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது மலை. இந்த மாவட்டத்தில் அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், உரிகம் பக்கம் போனால் அது எப்படி இருக்கும் என்று தெரியும். குந்தாரப்பள்ளியோ சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம். பஸ்ஸுக்குக் குறைவில்லை. அருகே போலுப்பள்ளியில் 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பக்கத்துக் குருபரப்பள்ளியில் தைவானின் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் வரை தொழிற்சாலைகள். தூரத்தையும் மேட்டையும் அளக்கும் கோலை வைத்து அளந்தால் இந்த ஊருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இங்கே ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் பதில் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று போனால் ஓசூர் ரோடு நெடுகப் பெரிய ஆஸ்பத்திரிகள். அனுபவமுள்ள செவிலியருக்கு அங்கே எப்போதும் வேலை உண்டு, தங்க ஹாஸ்டலும் உண்டு. இங்கே வாடகைக்கு ஓர் அறை கேட்டால் 'கம்பெனி ரேட்' சொல்கிறார்கள்; நாலைந்து பேர் சேர்ந்து தங்கித் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தொழிலாளர்களுக்கான வாடகை அது. தொகுப்பூதியத்தில் வந்த ஒரு பெண் அதைத் தனியாக எப்படிக் கொடுப்பாள்?

தாய்லாந்து இதைப் பெரிய அளவில் பட்டு உணர்ந்த நாடு. 1970களின் தொடக்கத்திலிருந்தே அங்கே அரசுச் செலவில் படித்த மருத்துவர் மூன்றாண்டு பணியாற்ற வேண்டும், இல்லையேல் அபராதம். கடினமான ஊர்களுக்குத் தனிப் படியும் உண்டு. 1990களில் பொருளாதாரம் பொங்கித் தனியார் ஆஸ்பத்திரிகள் பெருகியபோது, மருத்துவர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். 1997இல் நாணயம் சரிந்து தனியார் தொழில் படுத்ததும் திரும்பி வந்தார்கள். கிராமம் அதே கிராமம், சாலை அதே சாலை; மாறியது பக்கத்துச் சந்தையின் விலை. ஆகவே ஓர் ஊரின் கடினத்தை மலையேறும் தூரத்தால் மட்டும் அளக்காமல், அங்கிருந்து ஆளை இழுக்கும் விசையாலும் அளக்க வேண்டும். எத்தனை பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது, வந்தவர் சராசரி எத்தனை மாதம் நின்றார் என்ற இரண்டு கணக்கு போதும். ஒவ்வொரு பி.எச்.சி.யின் வருகைப் பதிவேட்டிலும் அவை இருக்கின்றன. இந்தப் பகுதியில் இன்னொரு கோளாறும் உண்டு. மக்கள்தொகையை வைத்துப் பணியிடம் போடும்போது 2011 கணக்கெடுப்பைத்தான் நம்பியிருக்கிறோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்கிறவர்கள் காய்ச்சலுக்கு வருவது இந்த பி.எச்.சி.க்குத்தான், அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இனி இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள மூன்று சொற்கள்.

மருத்துவருக்குக் கொடுப்பதன் பெயர் படி. சம்பளம் தனி, அதற்கு மேல் படி. செவிலியருக்குக் கொடுப்பதன் பெயர் தொகுப்பூதியம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் பணிவரன்முறை என்று நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பின்னால் அந்தத் தொகை 14,000 ஆகி, 18,000 ஆனது. நிரந்தரம் கொஞ்சம் கொஞ்சமாக, காலியிடம் விழ விழத்தான் வந்தது. மூன்றாவது சொல் ஊக்கத்தொகை. 2021 ஆகஸ்ட் 5 அன்று முதல்வர் ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே மாவட்டத்தில், சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில். சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த உள்ளூர்ப் பெண்கள், பி.பி. பார்க்கும் கருவியும் சுகர் சோதிக்கும் கருவியும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். இரண்டு மாதத்துக்கான மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய். அதற்கு அரசு வைத்த பெயர்தான் ஊக்கத்தொகை.

ஒருவருக்குச் சம்பளத்துக்கு மேலே கிடைப்பது சலுகை. இன்னொருவருக்குச் சம்பளமே அதுதான், ஆனால் சம்பளம் என்று சொல்லிவிட்டால் உரிமை வந்துவிடும் என்பதால் சலுகையின் பெயர். இது எனக்குச் சொல்லாராய்ச்சி அல்ல. மனம் வலிக்கிற விஷயம். யாரைத் தங்க வைக்கப் பெரும் பணம் தேவையோ அவரைச் சுற்றியே நம் கொள்கை சுழல்கிறது. ஏற்கெனவே தங்கியிருக்கிறவரை, போகமாட்டார் என்ற தைரியத்தில் குறைத்துக் கொடுக்கிறோம். வீடு வீடாகப் போகும் அந்தப் பெண்களுக்கு வைத்த தன்னார்வலர் என்ற பெயரே அதற்கு வசதி.

இதற்கு வரும் மறுப்பை நான் அறிவேன். பணத்தைக் கூட்டினால் சேவை மனம் இல்லாதவர்கள் வந்துவிடுவார்கள் என்பார்கள். ஜாம்பியாவில் 2010 வாக்கில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். கிராம சுகாதார உதவியாளர் வேலைக்கு ஆள் சேர்க்கும்போது, சில மாவட்டங்களில் 'உன் ஊருக்குச் சேவை செய்' என்று சுவரொட்டி. மற்றவற்றில் 'இந்த வேலையில் சேர்ந்தால் நர்ஸ் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம்' என்று சுவரொட்டி. பதவியில் ஏறும் வழியைப் பார்த்து வந்தவர்கள்தான் 29 விழுக்காடு கூடுதலான வீடுகளுக்குப் போனார்கள். முன்னேறும் ஆசை சேவைக்கு எதிரி இல்லை. நம்மிடமே முன்னுதாரணம் உண்டு: அங்கன்வாடிப் பணியாளர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, கிராம சுகாதாரச் செவிலியராக்கிய வழி. மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண்களுக்கும் அப்படி ஓர் ஏணி வைத்தால், பத்தாண்டில் துணை சுகாதார நிலையங்களுக்கு வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டியிருக்காது.

உள்ளூர் வேர் என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சில்லை. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கிக்கு 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி வந்தார்கள். அவர்கள் ஒரு குடிசையில் தொடங்கி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே தாதியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். அந்தப் பெண்கள்தான் மருத்துவமனையை நிறுத்தியிருக்கிறார்கள். ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவரைத் தேர்ந்து, கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, சொந்த மாகாணத்திலேயே ஒன்பதாண்டு பணியாற்ற வைக்கிறது, பெரும்பாலோர் முடித்தார்கள். இங்கே 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அஞ்செட்டி அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளைக்குப் போலுப்பள்ளியில் இடம் கொடுத்து, விரும்பினால் படித்து முடித்ததும் சொந்த வட்டாரத்திலேயே முதல் பணி என்று ஓர் உறுதியைச் சேர்த்தால், மலைப்படியைவிட அது மலிவு. கட்டாயமாக வேண்டாம், ஏழைப் பிள்ளையின் காலில் மட்டும் பணி ஒப்பந்தத்தைக் கட்டுவது நியாயமில்லை. உறுதியாகக் கொடுத்தால் போதும்.

எனக்குத் தெரிந்த இரண்டு செவிலியர் இருக்கிறார்கள். ஒருவர் இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண், தெலுங்கும் கன்னடமும் தமிழ் மாதிரியே பேசுவார். தேர்வில் அவர் ரேங்குக்குக் கிடைத்தது கடலோரத்தில், ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய ஊர். மற்றவர் அந்தக் கடலோர மாவட்டத்துக்காரர். அவருக்குக் கிடைத்தது இங்கே. முதலாமவர் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அங்கே இருக்கிறார். இரண்டாமவர், சந்தைக்கு வரும் பெரியவர்களிடம் பேசுவதற்காக நோட்டில் தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: தலை சுற்றல், மூச்சு வாங்கல், எத்தனை நாளாக. மூன்று பக்கம் நிறைந்திருந்தது. இரண்டு பேருமே ஆண்டுதோறும் இடமாறுதலுக்கு எழுதிப் போடுகிறார்கள். இரண்டு மனுவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. இந்த ஆண்டு கலந்தாய்வு எப்போது என்று போன வாரம்கூட இருவரும் என்னிடம் கேட்டார்கள்.